ஆல்புமின் குறைந்தால் ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் கவுன்டருக்கு வரும் சீட்டுகள் பெரும்பாலும் ஐசியுவிலிருந்து வருபவை. ஆன்டிபயாட்டிக், சலைன், ஊசிக்குழல் என்று பத்துப் பதினைந்து வரி இருக்கும். எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஒரு வரி மட்டும் அவர்களை அங்கேயே நிறுத்திவிடும்: "ஹியூமன் ஆல்புமின் 20%, 100 மி.லி., 2 பாட்டில்." விலையைச் சொன்னதும் கேள்வி வரும்.

"சத்து குறைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. இது சத்து பாட்டிலா அண்ணா?"

"மனுஷ ரத்தத்துல எடுக்கிறதாமே, குரூப் பார்க்க வேண்டாமா?"

"முட்டை வெள்ளைக்கரு கொடுத்தா ஏறாதா?"

ஒரு பாட்டில் பல ஆயிரம் ரூபாய். சங்கிலியை அடகு வைத்த பணத்தோடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். யாருக்கு ஏற்றலாம், யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியின் அருகில் நிற்கும் மருத்துவர்தான். ஆனால் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், சரியான கேள்வியைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

## ஆல்புமின் என்பது எது?

ரத்தத்திலிருந்து அணுக்களை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சுவது வெளிர் மஞ்சள் நிறத் திரவம். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அதில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கரைந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒரு புரதம், அதுதான் ஆல்புமின். கல்லீரல்தான் இதைத் தயாரிக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம். இன்று ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினில் பாதி அழிய ஏறத்தாழ 20 நாள் ஆகும். அந்த அளவுக்கு நின்று உழைக்கும் புரதம். இந்த 20 நாள் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

ஆரோக்கியமான ஒருவருக்கு 100 மில்லிலிட்டர் ரத்த நீரில் 3.5 முதல் 5 கிராம் வரை ஆல்புமின் இருக்கும். ரிப்போர்ட்டில் 3.8 என்றும் 2.1 என்றும் போட்டிருப்பது இந்தக் கணக்குதான்.

இதற்கு முக்கியமாக இரண்டு வேலைகள். ஒன்று, சுமை தூக்குவது. கொழுப்பு அமிலங்கள், மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின், கால்சியம், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் எல்லாம் ஆல்புமினின் முதுகில் ஏறித்தான் உடம்பைச் சுற்றிவருகின்றன. இன்னொரு வேலை, ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது. நம் குழப்பமெல்லாம் இந்த இரண்டாவது வேலையைச் சுற்றித்தான்.

## மாங்காயும் உப்பும்

ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி, உப்புப் போட்டுப் பிசிறி, ஜாடியை மூடி வைக்கிறோம். மறுநாள் திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. துண்டுக்குள் இருந்த தண்ணீரை வெளியே இருந்த உப்பு இழுத்துவிட்டது. தண்ணீர் நுழையலாம், ஆனால் கரைந்திருக்கும் பொருள் எளிதில் நுழைய முடியாது என்றொரு தடுப்பு இடையில் இருந்தால், எந்தப் பக்கம் சரக்கு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும்.

ரத்தக் குழாய்களிலேயே மிக மெல்லியவை தந்துகிகள். அவற்றின் சுவரும் இப்படியொரு தடுப்புதான். ஆனால் அந்தச் சுவரின் இடுக்குகள் வழியே உப்பு தாராளமாகப் போய்வரும். அதனால் குழாய்க்குள் தண்ணீரை நிறுத்தி வைக்க உப்பால் முடியாது. இடுக்கில் எளிதில் புக முடியாத பெரிய ஆள் வேண்டும். ஆல்புமின் அந்தப் பெரிய ஆள். குழாய்க்குள் இருந்துகொண்டு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும் இந்த விசைக்குக் கொலாய்டு அழுத்தம் என்று பெயர். அதில் 75 முதல் 80 சதவீதம் ஆல்புமினின் பங்கு. இதயம் கொடுக்கும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கிறது, கொலாய்டு அழுத்தம் உள்ளே இழுக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியை 1896இலேயே விளக்கியவர் ஸ்டார்லிங் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர்.

இங்கே ஒரு விஷயத்தை எல்லோரும் தவற விடுகிறார்கள். ஆல்புமின் முழுக்க முழுக்கக் குழாய்க்குள் அடைந்து கிடக்கும் பொருள் இல்லை. உடம்பில் உள்ள மொத்த ஆல்புமினில் சுமார் 40 சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கிறது. மீதி வெளியே, திசுக்களின் இடைவெளிகளில். நல்ல உடம்பிலேயே மணிக்கு 5 சதவீதம் போலக் குழாயை விட்டு வெளியே கசியும். கசிந்தது நிணநீர்க் குழாய்கள் வழியாக மறுபடி ரத்தத்துக்கே திரும்பி வரும். ரிப்போர்ட்டில் நாம் பார்ப்பது ரத்தத்தில் இருக்கும் அந்தச் சிறு பங்கை மட்டும்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆல்புமின் கல்லீரல் செய்யும் புரதம். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஆனால் உள்ளும் வெளியுமாகப் போய்வந்துகொண்டே இருக்கிறது.

## ஐசியுவில் இது ஏன் குறைகிறது?

"நன்றாகச் சாப்பிடாமல் குறைந்துவிட்டது" என்பதுதான் பொதுவான நினைப்பு. நேற்றுவரை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, நிமோனியா வந்து சேர்ந்த இரண்டாம் நாளே 2.3 என்று வருகிறதே, அது எப்படி? 20 நாள் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கல்லீரல் அடியோடு வேலையை நிறுத்தினால்கூட இரண்டு நாளில் இவ்வளவு இறங்காது. அப்படியென்றால் காரணம் வேறு.

முதல் காரணம், கசிவு. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கு நண்டு வளை தெரியும். வரப்பில் நண்டு வளை தோண்டிவிட்டால் எவ்வளவு பாய்ச்சினாலும் தண்ணீர் வயலில் நிற்காது, பக்கத்து வயலுக்குப் போய்விடும். கிருமித் தொற்றுக்கு உடம்பு கட்டுப்பாடில்லாமல் எதிர்வினை காட்டி, அதனால் உறுப்புகளே பழுதாகும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். செப்சிஸ், பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், கணைய அழற்சி இவற்றில் எல்லாம் தந்துகிச் சுவரின் இடுக்குகள் அகன்றுவிடும். வழக்கமாக மணிக்கு 5 சதவீதம் கசிந்த ஆல்புமின் அப்போது அதைப்போலப் பல மடங்கு கசியும். ஆல்புமின் அழியவில்லை, இடம் மாறிவிட்டது. நோயாளியின் கையும் காலும் முகமும் வீங்கியிருப்பதும் இந்தக் கசிவால்தான்.

இரண்டாவது, கல்லீரல் தன் வேலைப் பட்டியலை மாற்றிக்கொள்கிறது. ஊரில் வெள்ளம் வந்தால் மெஸ்ஸில் இலை போட்டுப் பரிமாற மாட்டார்கள். அதே அடுப்பு, அதே ஆட்கள், ஆனால் நாள் முழுக்கப் பொட்டலம் கட்டுவார்கள். கல்லீரலும் அப்படித்தான். உடம்புக்கு ஆபத்து என்று செய்தி வந்தவுடன், சிஆர்பி போன்ற அவசரகாலப் புரதங்களைச் செய்வதில் இறங்கிவிடும். ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துவிடும். அதனால்தான் ரிப்போர்ட்டில் சிஆர்பி மேலே போகும்போது ஆல்புமின் கீழே வருகிறது.

மூன்றாவது மிகச் சாதாரணமான காரணம். ரத்த அழுத்தம் குறைந்தவருக்கு முதல் சில மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் சலைன் போகும். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போவதுபோல, ரத்தத்தில் உள்ள எல்லாம் நீர்க்கும்.

பட்டினிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் நினைப்பதைவிட அது மிகச் சிறியது. உணவையே வெறுத்து எலும்பும் தோலுமாகிவிடும் அனோரெக்சியா என்ற மனநோயில், பலருக்கு ஆல்புமின் சாதாரண அளவிலேயே இருக்கிறது. ஊட்டச்சத்து மருத்துவத்துக்கான அமெரிக்க அமைப்பான ஆஸ்பென், ஆல்புமினைச் சத்துக் குறைவின் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று 2020இல் சொல்லிவிட்டது. அது காட்டுவது அழற்சியை, அதாவது உடம்பு எந்த அளவுக்குப் போராடிக்கொண்டிருக்கிறது என்பதை. "சத்து குறைஞ்சிடுச்சு" என்ற சொல்லை மருத்துவமனைகளிலேயே சொல்லிப் பழக்கிவிட்டோம். கேட்ட குடும்பம் தன் சமையலையும் கவனிப்பையும் நொந்துகொள்கிறது. "நான்தான் சரியா சாப்பாடு கொடுக்கல" என்று ஒரு அம்மா கவுன்டரில் நின்று அழுதது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

## புகையை விரட்டினால் நெருப்பு அணையுமா?

ஆல்புமின் குறையக் குறைய, நோயாளி பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது. இது உண்மை. 2003இல் 90 ஆய்வுகளிலிருந்து 2,90,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது இது தெளிவாகவே தெரிந்தது. இதைக் கேட்டவுடன் நம் மனம் தானாக அடுத்த படிக்குத் தாவும்: குறைந்தால் ஆபத்து, அப்படியானால் ஏற்றிவிட்டால் ஆபத்து போய்விடும்.

இந்தத் தாவலில்தான் தவறு. ஆம்புலன்ஸில் வந்து சேர்பவர்களில் இறப்பவர்கள் அதிகம், ஆட்டோவில் வந்து சேர்பவர்களில் குறைவு. அதற்காக எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தால் பிழைத்துவிடுவார்களா? நோய் முற்றியவர்தான் ஆம்புலன்ஸில் வருகிறார். அதுபோல, உடம்புக்குள் நெருப்பு பெரிதாக எரிபவருக்குத்தான் ஆல்புமின் இறங்குகிறது. அந்த எண் கூரைக்கு மேலே தெரியும் புகை. புகை அதிகம் என்றால் உள்ளே தீ பெரிது என்று புரிந்துகொள்ளலாம். புகையை மட்டும் விசிறிவிட்டால் தீ அணையாது.

இதற்கு ஒரு வியப்பான சான்று உண்டு. பிறவியிலேயே ஆல்புமின் ஏறக்குறைய இல்லாமல் பிறப்பவர்கள் இருக்கிறார்கள். 1954இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, உலகிலேயே மிக அரிதான ஒரு குறை. இவர்களில் பெரியவர்களாக வளர்ந்தவர்களுக்கு லேசான கால் வீக்கம், சோர்வு, ரத்தத்தில் அதிகக் கொழுப்பு, அவ்வளவுதான் தொந்தரவு. நடமாடி வேலை செய்கிறார்கள். உடம்பு வேறு புரதங்களைக் கூட்டிச் சமாளித்துக்கொள்கிறது. ஐசியுவில் 2.0 என்ற எண்ணைப் பார்த்து நாம் நடுங்குகிறோம். இவர்கள் அதைவிடக் கீழே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

## ஏற்றிப் பார்த்தார்கள், என்ன ஆனது?

ஆல்புமின் மருந்தானது இரண்டாம் உலகப் போரில். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் என்பவர், குளிர்ந்த ஆல்கஹாலைக் கொண்டு பிளாஸ்மாவின் புரதங்களைத் தனித்தனியே பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். போர்முனைக்குப் பெரிய பிளாஸ்மா பாட்டில்களைச் சுமப்பதைவிடச் சிறிய ஆல்புமின் பாட்டிலைச் சுமப்பது எளிது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தீக்காயமடைந்தவர்களுக்கு ஏற்றினார்கள். பலன் தெரிந்தது என்றார்கள். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமே நம்பிக்கையோடு ஏற்றிக்கொண்டிருந்தது. உயிர் காக்கிறதா என்று பெரிய அளவில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1998இல் ஒரு குண்டு விழுந்தது. காக்ரேன் என்ற அமைப்பைச் சேர்ந்த குழு, அதுவரை நடந்த 30 சிறிய ஆய்வுகளைத் திரட்டி 1,419 நோயாளிகளின் முடிவைக் கணக்கிட்டது. ஆல்புமின் ஏற்றப்படும் 17 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்று வந்தது. செய்தித்தாள்கள் வரை பரபரப்பு. பிரிட்டனில் பயன்பாடு சட்டென்று சரிந்தது. ஆனால் அந்த 30 ஆய்வுகளும் சின்னச் சின்னவை, பழையவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. நம்பவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரே வழி சீட்டுக் குலுக்கல். நோயாளி உள்ளே வந்ததும் குலுக்கிப் பார்த்து, ஒரு பாதிக்கு இந்த மருந்து, மறு பாதிக்கு அந்த மருந்து. மருத்துவர் தன் எண்ணப்படி தேர்ந்தெடுப்பதில்லை என்பதால் இரு கூட்டமும் நோயின் கடுமையில் சமமாக இருக்கும். ஆம்புலன்ஸ், ஆட்டோ குழப்பம் வராது. இப்படிச் செய்வதற்குக் குலுக்கல் முறைச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 16 ஐசியுக்கள் சேர்ந்து அப்படி ஒரு சோதனையை நடத்தின. அதன் பெயர் சேஃப். 6,997 நோயாளிகள். ரத்த அழுத்தத்தைத் தூக்க நீர் ஏற்ற வேண்டியபோதெல்லாம் ஒரு பாதிக்கு 4 சதவீத ஆல்புமின், மறு பாதிக்குச் சாதாரண சலைன். எது எந்த பாட்டில் என்று மருத்துவருக்கும் செவிலியருக்கும் தெரியாதபடி உறை போட்டு மறைத்துவிட்டார்கள். 2004இல் முடிவு வந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள்: ஆல்புமின் பக்கம் 726 பேர், சலைன் பக்கம் 729 பேர்.

மூன்று பேர் வித்தியாசம், ஏழாயிரம் பேரில். ஆல்புமின் கொல்லவில்லை, காப்பாற்றவும் இல்லை. இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் படித்த நாளில் நான் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் தெரியவந்தது. ஆல்புமின் தண்ணீரைப் பிடித்து வைப்பதால், அதற்கு ஈடாகச் சலைன் மூன்று நான்கு மடங்கு வேண்டியிருக்கும் என்று பாடப் புத்தகக் கணக்கு சொல்லிவந்தது. நிஜத்தில் 1.4 மடங்குதான் வேண்டியிருந்தது. வரப்பில் வளை விழுந்த பிறகு கெட்டியான நீரும் கசியத்தான் செய்கிறது.

"சரி, ஆல்புமின் ரொம்பக் குறைந்தவர்களுக்காவது உதவியிருக்குமே?" என்று தோன்றும். அதையும் பார்த்தார்கள். வரும்போதே 2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களைத் தனியாக எடுத்துக் கணக்கிட்டு 2006இல் வெளியிட்டார்கள். அவர்களிடத்திலும் இரு பக்கத்துக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை.

அப்புறம் இத்தாலி. அங்கே 100 ஐசியுக்களில், கடுமையான செப்சிஸ் வந்த 1,818 பேரிடம் ஆல்பியோஸ் என்ற சோதனை நடந்தது. இங்கே குறியே அந்த எண்தான். ஒரு பாதிக்கு 20 சதவீத ஆல்புமினைத் தினமும் ஏற்றி, ரிப்போர்ட்டில் 3க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். நம் கவுன்டருக்கு வரும் சீட்டுகளின் நோக்கம் பெரும்பாலும் இதுதான் என்பதால் இந்த முடிவு எனக்கு முக்கியம். 28 நாளில் இறந்தவர்கள் ஆல்புமின் பக்கம் 31.8 சதவீதம், மறுபக்கம் 32.0 சதவீதம். எண் ஏறியது, பிழைத்தவர் எண்ணிக்கை ஏறவில்லை.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சோதனையில், ரத்த அழுத்தம் அடியோடு சரிந்துபோன செப்சிஸ் அதிர்ச்சி நோயாளிகளை மட்டும் பிறகு பிரித்துப் பார்த்தபோது, 90 நாளில் ஆல்புமின் பக்கம் இறப்பு குறைவாகத் தெரிந்தது. முடிவு வந்த பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் அதை ஒரு துப்பாக மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சலைன் நிறையப் போன பிறகும் அழுத்தம் நிற்காத செப்சிஸ் நோயாளிக்கு ஆல்புமினை யோசிக்கலாம் என்று 2021இன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி மென்மையாகச் சொல்கிறது. உங்கள் மருத்துவர் இந்தக் காரணத்துக்காக எழுதியிருந்தால், அது அடிப்படை உள்ள முடிவு.

கவனிக்க வேண்டியது இரண்டு. குறைந்த ஆல்புமின் ஆபத்தின் அறிகுறி, பொதுவாக அதுவே ஆபத்து அல்ல. எண்ணைத் தூக்குவதற்காக ஏற்றினால், ஐசியு நோயாளிகள் அதிகமாகப் பிழைக்கிறார்கள் என்று காட்டப்படவில்லை.

## உயிர் காக்கும் இடம்: கல்லீரல்

இதுவரை படித்தவர்கள், "அப்போ இது தேவையே இல்லாத மருந்து" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது முதல் தவறைவிடப் பெரிய தவறு.

கல்லீரல் சுருங்கி வடுக்கட்டிப்போகும் நிலைக்கு சிரோசிஸ் என்று பெயர். இவர்களில் பலருக்கு வயிற்றில் நீர் கோர்த்துக்கொள்ளும். அந்த நீரில் சில சமயம் தானாகவே கிருமித் தொற்று ஏற்படும். அப்போது ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொன்றுவிட்டாலும், சிறுநீரகம் செயலிழந்து நோயாளி இறந்துபோவது வழக்கமாக இருந்தது. ஸ்பெயினில் 126 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் பழுதானது, 29 சதவீதத்தினர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். கூடவே ஆல்புமினும் பெற்றவர்களில் இரண்டுமே 10 சதவீதம்தான்.

அந்தச் சோதனையில் கொடுத்த அளவு: முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாள் 90 கிராம். 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கிறது என்றால், ஒரே நாளில் நாலரை பாட்டில். இந்தச் சீட்டைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் மலைத்துப்போவார்கள். "ஏமாத்துறாங்களா அண்ணா?" என்று ஒருவர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். வயிற்று நீரில் தொற்று என்றால் அது ஏமாற்று வேலை இல்லை, எப்படியாவது வாங்கிவிடுங்கள் என்றுதான் சொன்னேன்.

ஏன் இங்கே மட்டும் வேலை செய்கிறது? சிரோசிஸில் குடலைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கேயே தேங்கிவிடுகிறது. சிறுநீரகத்துக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடுகிறது. தொற்று வந்தால் இது இன்னும் மோசமாகும். அந்த நேரத்தில் கொடுக்கும் ஆல்புமின் ரத்த ஓட்டத்தை நிரப்பிச் சிறுநீரகத்தைக் காக்கிறது. வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் ஊசி போட்டு இறக்கும்போது, இறக்கிய ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் கொடுப்பதும் இதற்காகத்தான். கல்லீரல் நோயால் சிறுநீரகம் தடுமாறும்போது டெர்லிபிரெசின் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

ஆனால் அதே சிரோசிஸ் நோயாளிகளிடம் எண்ணை மட்டும் குறிவைத்தால்? பிரிட்டனில் அதையும் செய்து பார்த்தார்கள். அட்டயர் என்ற சோதனை, 777 பேர், முடிவு வெளிவந்தது 2021இல். மருத்துவமனையில் சேர்ந்த சிரோசிஸ் நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினமும் ஏற்றி ஆல்புமினை 3க்குக் கொண்டுவந்தார்கள். தொற்றோ சிறுநீரகப் பழுதோ இறப்போ குறையவில்லை. நுரையீரலில் நீர் கோர்ப்பது போன்ற கடும் பக்கவிளைவுகள் ஆல்புமின் பக்கம் அதிகமாக இருந்தன. அதே நோய், அதே பாட்டில். ஒரு நிகழ்வுக்காகக் கொடுத்தபோது உயிர் காத்தது. ஒரு எண்ணுக்காகக் கொடுத்தபோது பலன் இல்லை. இந்த ஒரு ஜோடி ஆய்வுகளைப் புரிந்துகொண்டால் ஆல்புமின் விவகாரத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

கல்லீரலைத் தாண்டியும் ஓர் இடம் உண்டு. கில்லன்-பாரே போன்ற நரம்பு நோய்களில் நோயாளியின் பிளாஸ்மாவையே எடுத்துவிட்டு மாற்றுவார்கள். எடுத்த பிளாஸ்மாவுக்குப் பதிலாக உள்ளே போவது பெரும்பாலும் ஆல்புமின்தான்.

## கெடுதல் செய்யும் இடம்: தலைக்காயம்

சேஃப் சோதனையில் இருந்த 460 பேருக்கு விபத்தில் மூளையில் அடிபட்டிருந்தது. அவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆல்புமின் பெற்றவர்களில் 33.2 சதவீதம் பேரும் சலைன் பெற்றவர்களில் 20.4 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். அடிபட்ட மூளையில் ரத்தக் குழாய்ச் சுவர் பழுதாகியிருக்கும். கசிந்த ஆல்புமின் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மண்டையோடு விரியாது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆல்புமின் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் அதிகமாக ஏறியிருந்தது பின்னர் தெரிந்தது. பலத்த தலைக்காயத்தில் இப்போது இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இதயம் பலவீனமானவர்களுக்கும், நுரையீரலில் ஏற்கெனவே நீர் சேர்ந்திருப்பவர்களுக்கும் 20 சதவீத ஆல்புமின் வேகமாகப் போனால் மூச்சுத் திணறல் கூடலாம்.

## கவுன்டரில் கேட்கப்படும் மற்ற கேள்விகள்

முட்டை. ஆல்புமின் என்ற பெயரே வெண்மை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முட்டை வெள்ளைக்கருவுக்கும் அதே வேர்ச்சொல்லில் பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. முட்டையில் இருப்பது வேறு புரதம். அதை நாம் சாப்பிட்டால் வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாகத்தான் உள்ளே போகும். கல்லீரல் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்வரை, அரிசியை எவ்வளவு கொட்டினாலும் இலைச் சாப்பாடு வராது. முட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐசியுவில் கிடந்தவர்களுக்குச் சதை கரைந்துபோயிருக்கும். மருத்துவர் சரியென்றால், தேறிவரும் காலத்தில் முட்டை நல்லது. அது சதைக்கு, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு அல்ல.

ரத்த குரூப். பார்க்க வேண்டியதில்லை. பலர் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்து, அதிலிருந்து ஆல்புமினை மட்டும் பிரித்தெடுத்தது. சிவப்பணுக்கள் கிடையாது. 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்குவதால் எச்ஐவி, மஞ்சள் காமாலை போன்ற வைரஸ் பயமும் இல்லை என்றே சொல்லலாம். அபூர்வமாக ஒவ்வாமை வரலாம். திறந்த பாட்டிலில் மீதியை எடுத்து வைத்து மறுநாள் ஏற்றக் கூடாது.

ஒரு பாட்டில் எவ்வளவு ஏற்றும்? பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தம் 250 முதல் 300 கிராம் ஆல்புமின் இருக்கும். பாட்டிலில் இருப்பது 20 கிராம். அதிலும் பாதிக்கு மேல் சில நாட்களில் குழாயை விட்டு வெளியே போய்விடும். அதனால்தான் "நேத்து ரெண்டு பாட்டில் போட்டும் ஏறலையே" என்ற புலம்பல்.

மருத்துவரிடம் என்ன கேட்பது? நான் சொல்லித் தருவது ஒரே கேள்வி: "சார், இது ரிப்போர்ட்ல குறைஞ்சதுக்காகவா, இல்ல வேற காரணம் இருக்கா?" வயிற்று நீரில் தொற்று, நீர் இறக்குதல், சிறுநீரகம், சலைனுக்கு அடங்காத அழுத்தம் என்று ஏதாவது பதில் வந்தால் தயங்காமல் வாங்குங்கள். எண்ணுக்காக மட்டும்தான் என்றால், "இதைப் போடலன்னா என்ன ஆகும்?" என்று பணிவாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. சிலர், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சீட்டிலிருந்து அந்த வரியை அடித்துக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில், செப்சிஸ் வந்த தன் அப்பாவுக்காகத் தினமும் கவுன்டருக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன், இப்படிக் கேட்டுவிட்டு வந்து, "வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றான். பயத்தோடுதான் சொன்னான். அன்று ரிப்போர்ட்டில் 2.2. ஒரு மாதம் கழித்து அப்பாவின் வழக்கமான சர்க்கரை மாத்திரைகளை வாங்க வந்தபோது, மறுபரிசோதனை ரிப்போர்ட்டை மடிப்புப் பிரித்து என்னிடம் காட்டினான். 3.4.

"ஏத்தாமலே ஏறியிருக்கே அண்ணா" என்றான். சிஆர்பி எவ்வளவு என்று கேட்டேன். அதற்குக் கீழே இரண்டு வரி தள்ளி இருந்தது, சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது.